இன்னொரு இடத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள்

ஒரு பெண்ணின் கல்யாணத்தைக் கெடுத்தவன் நான். சாட்சி கிடையாது. இன்றுவரை என்னை ஒருவரும் சந்தேகப்பட்டதுமில்லை!

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை... அவ்வளவுதான்.

சேலத்தில், வெள்ளைக்காரன் காலத்துப் பூங்கா ஒன்றில் தினமும் காலையில் நடக்கிறேன். தூங்குமூஞ்சி மரங்கள், அந்தக் காலத்தில் பேண்டு வாசிக்கக் கட்டிய எண்கோண மண்டபம், அதைச் சுற்றி ஒரு பாதை. அந்த இடம் எனக்கு அத்தனை பிடிக்கும்! முதல் சுற்றிலேயே மனம் குளிர்ந்துவிடும்.

பத்து ஆண்டுகளுக்கு முன்பு அந்த மண்டபப் படியில்தான் நாமக்கல்காரர் ஒருவர் தன் மகனுக்காக என்னிடம் பெண் விசாரித்தார். பெண், என் நண்பன் செங்கோடனின் மகள் கவிதா. சூரமங்கலத்தில் எங்கள் அடுத்த வீட்டிலேயே வளர்ந்தவள். என்னைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

"பொண்ணு எப்படிங்க?" என்றார்.

"நல்ல பொண்ணுதானுங்க..." என்று இழுத்தேன். "எதுக்கும் இன்னொரு எடத்துலயும் கேட்டுக்குங்க."

ஒரு சொல்லாவது பொய்யா? இல்லை! ஆனால் நம் பக்கத்தில் அதற்கு என்ன பொருள் என்று உங்களுக்கே தெரியும். தெரிந்தேதான் நானும் சொன்னேன். என் மகளுக்கும் அப்போது வரன் தேடிக்கொண்டிருந்தேன்...

ஜாதகம் பொருந்தவில்லை என்று செங்கோடனுக்குச் சொல்லியனுப்பினார்கள். எட்டு மாதத்தில் அதே பையன் என் மாப்பிள்ளை ஆனான். செங்கோடன் பந்தியில் நின்று பரிமாறினான், பாவி மனுஷன்! மாப்பிள்ளை தங்கம். பேத்தி படு சுட்டி. நான் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன்... அதுதான் என்னைக் குத்துகிறது.

கவிதாவுக்கு அதன்பிறகு எந்த வரனும் கூடிவரவில்லை. பேசி முடிக்கிற நேரத்தில் விலகிப்போனார்களாமே என்ற பேச்சு அவளுக்கு முன்னால் போய் நின்றது.

போன வருடம் செங்கோடனுக்குப் பக்கவாதம். இப்போது தினமும் கவிதாதான் அவனைக் கைபிடித்து இதே பாதையில் நடத்துகிறாள். அவர்களைத் தாண்டிப்போனால் நின்று முகம் பார்த்துப் பேச வேண்டும். ஆகவே பத்தடி பின்னாலேயே, ஆற அமர நடக்கிறேன்.

இன்று மண்டபத்தருகே இருவரும் எனக்காக நின்றார்கள்.

"வா சாமி," என்றான் செங்கோடன். வாய் சற்றுக் கோணியிருந்தாலும் சிரிப்பு பழைய சிரிப்புத்தான். "எனக்கு ஒத்தாசையாத்தான மெதுவா பொறவுக்கே வாரே? கவிதா சொல்லிட்டேதான் இருக்குது. இந்தக் காலத்துல ஆரு இப்படி இருக்கறா!"

தலையாட்டினேன்... வெட்கமில்லாமல் தலையாட்டினேன்!

"ராசிபுரத்துல இருந்து புள்ளைக்கு ஒரு எடம் வந்திருக்குது," என்றான். "நாளைக்கு இங்கயே வந்து உன்னையப் பாக்கச் சொல்லிட்டேன். நம்ம புள்ளையப் பத்தி உன்னையாட்ட ஆரு சொல்லுவா?"

நாளை வாய் நிறையச் சொல்வேன். சத்தியமாகச் சொல்வேன்! அன்று தொண்டையிலேயே நிறுத்திக்கொண்ட அத்தனையும்... சொல்லி? அந்தப் பத்து வருடத்தை அவளுக்கு யார் தருவது?

கவிதா கொய்யாப்பழத்தை அரிந்து ஒரு துண்டு கொடுத்தாள். நன்றாகவே இனித்தது.

"இன்னொண்ணு வேணுங்களா சித்தப்பா?"

கை நீட்டி வாங்கிக்கொண்டேன்.