அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா

எங்கள் தலைமையாசிரியருக்கு எல்லா நோய்க்கும் ஒரே மருந்துதான் தெரியும். "போய் அப்பாவக் கூட்டிக்கினு வா." வீட்டுப்பாடம் எழுதவில்லையா, அப்பா. சட்டையில் பொத்தான் இல்லையா, அப்பா. பக்கத்துப் பெஞ்சுக்காரனைக் கிள்ளினாயா, அப்பா. உத்திரமேரூர்ப் பக்கம் நடவு நேரத்தில் எந்த அப்பா வேலையை விட்டுவிட்டு வருவார்? பிள்ளைகள் கேட்டைத் தாண்டிப் போய், எங்காவது புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்துவிட்டுப் பள்ளி விடும் நேரத்துக்கு வீடு போய்ச் சேருவார்கள். பள்ளிக்கூடம் தன் கடமை முடிந்ததாக நினைத்துக்கொள்ளும்.

எழுபதுகளின் கடைசியில் நான் அங்கே கணக்கு டீச்சர். காஞ்சிபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொள்வார்கள். உண்மைதான். இதை எழுதும்போதும் வருகிறது.

பத்தாம் வகுப்பில் ஒரு பெண். கணக்கில் சுமார்தான். ஆனால் வட்டம் வரையச் சொன்னால் அச்சடித்த மாதிரி வரைவாள். அன்று கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"ஜாமெட்ரி பாக்ஸ் எங்கடி?"

"ஆறாங் கிளாஸ் பொண்ணு ஒருத்திக்குக் குடுத்துட்டேன் டீச்சர்."

"அப்ப உனக்கு?"

"எனக்கு இனிமே வேணாம் டீச்சர்."

அவள் சொன்ன விதம் எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தப் பெட்டியை யாரையும் தொடக்கூட விடமாட்டாள். பாடத்தை நிறுத்திவிட்டு அவளை வராண்டாவுக்கு அழைத்துப் போனேன். கேட்கக் கேட்கத்தான் வந்தது. பஸ் ஸ்டாப்பில் ஒரு பையனோடு பேசிக்கொண்டு நின்றாளாம். தெருவே பார்க்க அப்பா அடித்திருக்கிறார். தை பிறந்ததும், மனைவியை இழந்த தூரத்துச் சொந்தக்காரர் ஒருவருக்குக் கட்டிவைக்கப் போவதாகச் சொல்லிவிட்டார். நான் சுற்றி வளைக்கவில்லை. "செத்துப்போயிடலாம்னு நினைக்கிறியா?" என்றேன்.

"ஆமா டீச்சர்." அழவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அவளுடைய தோழியைக் கூடவே இருக்கச் சொல்லிவிட்டுத் தலைமையாசிரியரிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவள் பயப்படுவதே அப்பாவுக்குத்தான், அம்மாவை வரவழைப்போம், அதுவரை தனியாக விடக்கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

"நம்ம வேலை பாடம் நடத்தறதும்மா. வூட்டுச் சண்டையெல்லாம் நமக்கு எதுக்கு? நாளைக்கு போலீஸ் கேஸ் ஆனா ஸ்கூல் பேரு இன்னா ஆவறது? இன்ஸ்பெக்‌ஷன் வேற வருது." கடைசியில், "சரி, நான் பாத்துக்கறேன்" என்றார்.

பார்த்துக்கொண்டார். அடுத்த பீரியடில் நான் எட்டாம் வகுப்பில் நின்றபோது, அவள் பையோடு கேட்டைத் தாண்டிப் போவது ஜன்னல் வழியே தெரிந்தது. ஆபீஸ் ரூமுக்கு ஓடினேன்.

"எங்க சார் அனுப்பினீங்க அவளை?"

"அப்பாவக் கூட்டிக்கினு வரச் சொல்லிக்கீறேன்."

எந்தக் கைக்குப் பயந்து சாக நினைத்தாளோ, அந்தக் கையையே பிடித்து அழைத்துவரச் சொல்லி ஒரு பிள்ளையைத் தனியாக அனுப்பியிருக்கிறார் மனுஷன்! எங்கள் பள்ளியில் சாக்பீஸ் டப்பாவுக்குக்கூடப் பூட்டு உண்டு. உலக உருண்டையை வகுப்புக்கு எடுத்துப் போவதானால் துணைக்கு ஒரு ஆள் போகவேண்டும். பொருள் தொலைந்தால் பதில் சொல்ல வேண்டுமே. பிள்ளை தொலைந்தால் யாருக்கும் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

"அந்தப் பொண்ணுக்கு ஏதாவது ஆச்சு, உங்களை நான் சும்மா விடமாட்டேன் சார்" என்று கத்தினேன்.

"கிளாஸ வுட்டுட்டுப் போனா மெமோ குடுப்பேன்."

"தாராளமா குடுங்க."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். பாதி வழியில் செருப்பு வார் அறுந்தது, அதை அங்கேயே விட்டேன். ஏரிக்கரைத் திருப்பத்தில் மைல் கல்மேல் உட்கார்ந்திருந்தாள். எனக்கு மூச்சு வாங்கியதில் பேச்சே வரவில்லை. அவள்தான் பேசினாள்.

"வூட்டுக்குப் போவ பயமா கீது டீச்சர்."

"வீட்டுக்கு வேணாம். அம்மா எங்கே?"

அம்மா கழனியில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார். வரப்புக்கு அழைத்து, ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். கையிலிருந்த நாற்றை அப்படியே கீழே போட்டார். பிறகு மகள்மேல் பாய்ந்தார். "எங்கிட்ட சொல்றதுக்கு இன்னாடி? நான் செத்தா பூட்டேன்?" சேற்றுக் கையோடு அவளை இழுத்து அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதார். அப்போதுதான் அந்தப் பெண்ணும் அழுதாள்.

"மானாம்பதில எங்க அண்ணன் கீறாரு டீச்சர். அவரு வூட்ல இவ மேல கை வைக்க இந்தாளுக்குத் தெகிரியம் கெடையாது" என்றார் அம்மா. காலைக்கூடச் சரியாகக் கழுவாமல் அப்போதே மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். தாய்மாமன் வந்து ஒரு பேச்சுப் பேசினார், கல்யாணப் பேச்சு நின்றது.

எனக்கு மெமோ வந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். "அதான் ஒண்ணுமே ஆவலையே டீச்சர், இன்னாத்துக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டம்?" என்று ஸ்டாஃப் ரூமில் சிரித்தார்களே, அதைத்தான் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. ஒன்றும் ஆகக்கூடாது என்றுதானே ஓடினேன்!

அவள் மானாம்பதியிலிருந்து பஸ்ஸில் பள்ளிக்கு வர ஆரம்பித்தாள். தினமும் வராண்டாவில் நிறுத்தி, எப்படி இருக்கிறாய் என்று கேட்பேன். சில நாள் பேசுவாள், சில நாள் தலையை மட்டும் ஆட்டுவாள்.

ஒருநாள் இடைவேளையில் வெளியே ஒரே கூச்சல். ஆறாம் வகுப்புச் சிறுமி ஜாமெட்ரி பாக்ஸை மார்போடு கட்டிக்கொண்டு நிற்கிறாள், இவள் பிடுங்கப் பார்க்கிறாள்.

"குடுத்தத திருப்பிக் கேக்கறியே, வெக்கமா இல்ல?"

"எனக்கு வேணும்டி! குடுடி!"

விலக்கிவிடத் தோன்றவில்லை. இன்னும் கொஞ்சம் சண்டை போடட்டும் என்று சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குள் ஆபீஸ் ரூமிலிருந்து அவர் வெளியே வந்தார்.

"இன்னா சத்தம் அங்க? ரெண்டு பேரும் போய் அப்பாவக் கூட்டிக்கினு வாங்க!"

அவள் முகம் வெளுத்துப்போனது. பையை எடுக்க வகுப்புக்குத் திரும்பினாள். நான் விடுவிடுவென்று நடந்து போய்க் கேட்டைச் சாத்தினேன். தாழ்ப்பாளைப் போட்டு, அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டு, அவருக்கும் கேட்கும்படி கத்தினேன்.

"யாரும் எங்கியும் போவ வேணாம். போய் கிளாஸ்ல உக்காருங்க."