வெட்டாமல் விட்ட செடி

அவர் முடிதிருத்துபவர். கலைந்து நிற்பது எதைக் கண்டாலும் அவருடைய கை பரபரக்கும். மனைவி இறந்தபின், வாசல் சன்னலோரம் அவள் வளர்த்த புதர்ச்செடி அவர் பொறுப்பில் வந்தது. பனி விலகியதும் விலகாததுமாக, இலை துளிர்க்குமுன்பே குச்சியெல்லாம் மஞ்சளாய்ப் பூக்கும் செடி அது. இலையுதிர்ந்த கையோடு அதற்கும் கிராப்பு வெட்டிவிட்டதுபோல் உருண்டையாக ஒழுங்கு செய்தார். வசந்தத்தில் இலை வந்தது, பூ வரவில்லை. அடுத்த ஆண்டும் அதே கதை. வளர்த்தவளோடு செடியும் போய்க்கொண்டிருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார். அவளுடையதென்று அந்த வீட்டில் உயிரோடு மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

மூன்றாம் ஆண்டு அவர் கத்தரியோடு நின்றபோது, அடுத்த வீட்டுத் தையற்காரி வேலிக்கு மேலே தலையை நீட்டினாள்.

"அண்ணே, நிறுத்துங்க! வருஷா வருஷம் மொட்டு எல்லாத்தையும் வெட்டி எறியுறீங்க."

"மொட்டா? வெறும் குச்சிம்மா இது."

"கோடையில வளர்ந்த குச்சியில இப்பவே மொட்டு உக்காந்திருக்கும். அண்ணி பூ உதிர்ந்தப்புறம்தான் வெட்டுவாங்க. நீங்க பாத்ததே இல்லையா?"

பார்த்ததில்லை. அந்நேரமெல்லாம் அவர் கடையில் இருந்தார்.

"இத்தனை நாளா நீ சொல்லலையே?"

"நீங்க எங்க முகம் கொடுத்துப் பேசினீங்க, சொல்றதுக்கு?"

அவர் கத்தரியை உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் கையைக் கட்டிக்கொண்டிருந்தார். செடி தலைவிரிகோலமாக நின்றது. முடிவெட்ட வந்த தபால்காரர் சும்மா இருப்பாரா?

"ஊர்த் தலையெல்லாம் வெட்டுறீங்க, உங்க வாசல்ல ஒரு பரட்டைத்தலை நிக்குதே! உங்க கடை பிடிக்கலைன்னு சொல்லிடுச்சா?"

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவைத்தார். மாலையில் வீடு திரும்பியதும், விளக்கைப் போடுமுன் ஒரு குச்சியை விரலால் தடவிப் பார்ப்பார். அரிசிமுனைபோல் ஏதோ தட்டுப்படும். நம்புவதற்குத்தான் துணிவு வராது.

ஒருநாள் காலை சன்னலைத் திறந்தவர், "ஏய், இங்க வந்து பாரேன்!" என்று உட்பக்கம் திரும்பிக் கூவிவிட்டார்.

சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

வெளியே குச்சிக்குக் குச்சி மஞ்சள். அவர் சன்னல் கம்பியைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு அடுத்த வீட்டு வாசலுக்குப் போனார். உள்ளே தையல் எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் தட்டக் கையைத் தூக்கியவர், எந்திரம் நிற்கட்டும் என்று காத்திருந்தார்.