ஸ்பிரிங்வெளிக்கு வசந்தியின் சிங்களத்தோடு

பதுளை, பிற்பகல் மூன்று மணி. ரயில் இதற்கு மேல் போகாது. சுற்றிலும் மலை என்றார்கள். எனக்குத் தெரிந்தது மூடுபனிதான். பஸ் நிலையத்தில் ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் பஸ் எது என்று சிங்களத்தில் கேட்டேன். நடத்துனர் என்னை உற்றுப் பார்த்துவிட்டுத் தமிழில் பேசினார்.

"ஸ்பிரிங்வெளியில எந்த டிவிசனுங்க?"

"நான் திருச்சிங்க. இப்பதான் மொத தடவ வர்றேன்."

"பேச்சு அப்படி இல்லியே" என்றார் அவர்.

காரணம் எனக்குத் தெரியும். குவைத்தில் என்னோடு ஒரே வீட்டில் பணிப்பெண்ணாக இருந்த வசந்தியிடம் கற்றதுதான் என் சிங்களம். அவள் ஸ்பிரிங்வெளிக்காரி. தமிழில் பழகிய அவள் நாக்கில் 'ஹ' நிற்காது. நல்லது என்பதற்கு 'ஹொந்தாய்' என்னாமல் 'ஒந்தாய்' என்பாள், 'ந்'னை நன்றாக அழுத்தி. அதுவும் அவள் பேச்சின் ராகமும் எனக்கும் ஒட்டிக்கொண்டன. அரபி பேசும்போது எனக்கு 'ஹ' ஒழுங்காக வரும். சிங்களத்தில் மட்டும் வராது.

வசந்தி இறந்து ஆறு மாதமாகிறது.

பத்துக் கிலோமீட்டருக்கு மேல் ஏற்றம். தேயிலைச் செடிகள் பனிக்குள்ளிருந்து வந்து பனிக்குள்ளேயே போயின. வசந்தியின் வீட்டார் இருந்த லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, கீழே இறங்கினேன். சிங்கள ஓட்டுனர் தலையை நீட்டி, இடம் சரிதானா என்று கேட்டார்.

"ஒந்தாய், ஒந்தாய்!" என்று உரக்கச் சொன்னேன்.

மேலே ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது.

"அக்கா!"

ஈரக் கையோடு ஒரு பெண் படிகளில் ஓடி வந்தாள். வசந்தியின் தங்கை புஷ்பம். போட்டோவில் பார்த்த முகம். என்னைக் கண்ட பிறகும் அவள் நிற்கவில்லை. கிட்டே வந்து என் கன்னத்தைத் தொட்டாள். பிறகுதான் கையை இழுத்துக்கொண்டாள்.

உள்ளே உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்தாள்.

"பூட்டுன பெட்டிதாங்க வந்துச்சு. தொறக்கக் கூடாதுன்னுட்டாங்க. உள்ள இருந்தது அக்காதான்னு நாங்க எப்படிங்க நம்புறது?"

அதைச் சொல்லத்தான் வந்திருந்தேன்.

"அவங்கதாம்மா. தூக்கத்துலயே போயிட்டாங்க. ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள நாந்தான் மொகம் தொடச்சு, சேல கட்டிவிட்டேன். எடது காதுத் தோடு கழட்ட வரல. அப்படியே விட்டுட்டேன்."

புஷ்பம் தன் இடது காதைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள்.

பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "சிங்களத்துல ஏதாச்சும் பேசுங்க" என்றாள்.

மழை, பஸ், சோறு என்று வாய்க்கு வந்ததைப் பேசினேன். தகரக் கூரையிலிருந்து ஈரம் சொட்டியது. அந்தச் சின்ன அறையில் என் குரலைக் கேட்க எனக்கே பயமாக இருந்தது.

"எப்பக்கா வருவ?" என்றாள் புஷ்பம், கண்ணைத் திறக்காமல்.

நிறுத்திவிட்டேன்.

அவள் மெல்லக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். என் முன்னால் இருந்த கோப்பையை எடுத்துக்கொண்டாள்.

"ஆறிப்போச்சுங்க. வேற ஊத்தித் தர்றேன்" என்று எழுந்து போனாள்.