முதல் தண்ணீர்

பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. மற்ற எல்லோருக்கும் அவர் ‘ப்ரூஃப்’. யார் எதைச் சொன்னாலும் “ப்ரூஃப் இருக்கா?” என்று கேட்டுக் கேட்டே சம்பாதித்த பெயர் அது. தங்கை மகள் பேசக் கற்றுக்கொண்டபோது மாமாவுக்கு முன்னால் அதையும் சேர்த்துப் பழகிவிட்டாள். ‘ப்ரூஃப் மாமா.’ அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

வேலை குடிநீர்ச் சோதனைக்கூடத்தில், கிருமிப் பிரிவில். ஊரெங்கும் போய்க் குழாய்த் தண்ணீர் பிடித்துவந்து அதில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைச் சுத்தமாகச் செய்வார். முதலில் குழாயைத் திறந்து தண்ணீரை நன்றாக ஓடவிடுவார். பிறகு மூடி, குழாயின் வாயைத் தீயில் காட்டுவார். மறுபடி திறந்து கொஞ்சம் ஓடவிட்டு, அதன் பிறகே பாட்டிலில் பிடிப்பார். குழாய் வாயில் ஒட்டிய அழுக்கோ, யாரோ தொட்ட கையின் கிருமியோ உள்ளே வந்து முடிவைக் கெடுத்துவிடக் கூடாது அல்லவா. இத்தனை வருஷத்தில் அது கைப்பழக்கமாகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு செய்வேன் என்று சொல்லிக்கொள்வார். தங்கை வீட்டில் அப்படித்தான் செய்தார்.

தங்கை அவருக்கு நேர் எதிர். கைப்பேசியில் வருவதெல்லாம் அவளுக்கு வேதவாக்கு. காந்தத்தில் வைத்த தண்ணீர், கரித்தூள் பல்பொடி, இடது பக்கம் படுத்தால் இதயத்துக்கு ஆகாது, வலது பக்கம் படுத்தால் ஈரலுக்கு ஆகாது. பாவம், அவள் எந்தப் பக்கம்தான் படுத்தாளோ. வந்ததை வந்த சூட்டோடு அண்ணனுக்குத் தள்ளிவிடுவாள். அவர் ஒரே சொல்லில் பதில் போடுவார்: ‘பொய்.’ அவளும் கோபித்துக்கொண்டதில்லை. மறுநாள் இன்னொன்று வரும்.

அந்த வருஷம் தங்கை குடும்பம் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வீடு மாறியது. பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடி. உயரமான கூரை, காற்று கொட்டும் ஜன்னல்கள், சுவருக்குள் எங்கேயோ ஓடும் கிழட்டுக் குழாய்கள். குடிபோன சில நாளிலேயே அவள் போன் செய்தாள்.

“அண்ணா, காலையில முதல்ல வர்ற தண்ணி ஒரு மாதிரி ருசிக்குது. இரும்பை நக்கின மாதிரி. பழைய குழாய்ல விஷம் இறங்குமாம், குழந்தைங்க மூளையைக் கெடுத்துடுமாம். வீடியோ அனுப்பியிருக்கேன், பாரு. நான் கேன் தண்ணிதான் வாங்குறேன் இப்போ.”

பார்த்தார். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் திகில் இசைக்கு நடுவே பயமுறுத்திவிட்டு, கடைசியில் குழாயில் மாட்டிக்கொள்ள ஒரு காந்த வளையம் விற்றார். வளையத்தைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வளையம் பொய்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஆள் அதற்கு முன்னால் சொன்னதும் பொய்யாகத்தான் இருக்க வேண்டுமா என்று அவர் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. ஊரையெல்லாம் கேள்வி கேட்பவருக்குத் தன்னைக் கேட்க நேரம் ஏது.

“வெள்ளைக் கோட்டைப் பாத்தா போதும் உனக்கு. நல்லா காதுல பூ சுத்துறான்,” என்றார்.

“சரி, அப்போ நீயே வந்து பாத்துச் சொல்லு.”

விடுமுறை நாளில் போனார். தண்ணீரை ஓடவிட்டார், தீயில் காட்டினார், பிடித்தார். பிள்ளை ஸ்டூலில் ஏறி நின்று அந்த நீலத் தீயை வாய் பிளந்து பார்த்தாள். முடிவு வந்தது: சுத்தமான தண்ணீர். அதைக் காகிதத்தில் அச்செடுத்துத் தானே எடுத்துக்கொண்டு போனார். போனில் சொன்னால் போதாதா? போதும்தான். ஆனால் அவள் முகம் விழுவதைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. மாப்பிள்ளை இருந்தார், எதிர்வீட்டுப் பெண்ணும் இருந்தாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “தண்ணியில ஒண்ணும் இல்ல. உன் நாக்கைத்தான் மாத்தணும்,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தங்கையும் கூடச் சேர்ந்து சிரித்தாள், காது மட்டும் சிவந்துபோனது. அந்தக் காகிதத்தைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் வைத்து, காந்தத் தண்ணீருக்கென்று எப்போதோ வாங்கிய காந்தத்தால் ஒட்டினாள். மறுநாளிலிருந்து கேன் தண்ணீர் நின்றது.

அதன் பிறகு பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாக மாறினாள். வயிறு வலிக்கிறது என்றாள். பள்ளிக்கூடம் போகச் சோம்பல் என்றார் மாமா. சாப்பாட்டைத் தள்ளிவிட்டாள், தொட்டதற்கெல்லாம் அழுதாள். கடைப் பலகைகளையெல்லாம் வழிநெடுக உரக்கப் படித்துக்கொண்டு வந்தவள், புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே வரியில் நின்றாள். தங்கை ஏதேதோ சொன்னாள். அவர் எல்லாவற்றுக்கும் ப்ரூஃப் கேட்டார். கடைசியில் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்து டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். அவரும் துணைக்குப் போனார். ரத்தச் சோதனை முடிவைப் பார்த்த டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“ரத்தத்துல ஈயம் இருக்கு. இருக்கவே கூடாதது. மருந்தைவிட முக்கியம், இது எங்கிருந்து உள்ள போகுதுன்னு கண்டுபிடிச்சு நிறுத்துறது. பழைய வீடா? பெயின்ட் உதிருதா? தண்ணி எப்படி?”

“பெயின்ட் ஜன்னல்ல உதிருது டாக்டர். தண்ணியில ஒண்ணும் இல்ல,” என்றாள் தங்கை, கொஞ்சம்கூடத் தயங்காமல். “எங்க அண்ணனே சோதிச்சுட்டாரு. லேப்லதான் வேலை.”

டாக்டரம்மா அவரைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். டாக்டரம்மாவும் தலையசைத்துவிட்டுத் தண்ணீரைத் தாண்டிப் பெயின்ட்டுக்குப் போய்விட்டார். அந்த நேரத்தில் ப்ரூஃப் மாமாவுக்குள் எழுந்தது என்ன தெரியுமா? பெருமை. நம் பேச்சுக்கு ஒரு டாக்டரும் மறுபேச்சுப் பேசவில்லையே என்கிற பெருமை. பின்னாளில் இதை நினைக்கும்போதெல்லாம் அவருக்குத் தன்னையே அறைந்துகொள்ளத் தோன்றும்.

மாப்பிள்ளை ஜன்னல் கட்டைகளைத் துணியால் துடைத்துப் பிளாஸ்டிக் தாள் ஒட்டினார். தங்கை சாயம் உதிரும் பொம்மைகளைப் பொறுக்கி எடுத்தாள். சாயம் போன ஒரு மஞ்சள் வாத்து உட்பட ஒரு மூட்டை குப்பைக்குப் போனது. வாத்துக்காகப் பிள்ளை அழுத அழுகை தெருமுனை வரை கேட்டது. தினமும் காலையில் எழுந்ததும் தங்கை சமையலறைக் குழாயைத் திறந்து, முதல் வேலையாகப் பிள்ளையின் பள்ளிப் பாட்டிலை நிரப்பினாள்.

அடுத்த வாரம் அவர் ஒரு மாணவர் விடுதிச் சமையலறையில் தண்ணீர் பிடிக்கப் போனார். வழக்கம்போலக் குழாயைத் திறந்துவிட்டு நின்றார். பாத்திரம் கழுவக் காத்திருந்த பெண்ணுக்குப் பொறுக்கவில்லை.

“ஏன் சார், இவ்வளவு தண்ணியை வீணாக்குறீங்க?”

“ராத்திரி முழுக்கக் குழாய்லயே தேங்கி நின்ன தண்ணிம்மா இது. இது போனாத்தான் சரியான தண்ணி வரும்,” என்றார்.

எத்தனையோ பேருக்கு எத்தனையோ தடவை சொன்ன பதில்தான். இந்தத் தடவை சொன்ன வாய் மூடவில்லை. தேங்கி நின்ற தண்ணீர். பழைய குழாயோடு ராத்திரி முழுக்க ஒட்டி உறவாடிய தண்ணீர். ஈயம் இறங்குவதானால் அதில்தான் இறங்கும். அதைத்தான் அவர் தங்கை வீட்டுப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஓடவிட்டு, நல்ல தண்ணீரைப் பிடித்து, கிருமியைத் தேடினார். ஈயத்தை அவர் தேடவே இல்லை. தேடாததை ‘இல்லை’ என்று ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டு வந்தார்.

இனி ஒரு நல்ல மனிதன் என்ன செய்வான்? அந்த இடத்திலேயே போனை எடுப்பான். இவர் அன்று சாயங்காலம்தான் எடுத்தார், எடுத்தும் உண்மையைச் சொல்லவில்லை.

“நாளைக்குக் காலையில நான் வர்ற வரைக்கும் சமையலறைக் குழாயைத் திறக்காதே.”

“ஏன்ணா?”

“சும்மாதான். இன்னொரு தடவை பாத்துடலாம்.”

முடிவு வரட்டும், ப்ரூஃப் இல்லாமல் எதையாவது சொல்லி அவளை ஏன் கலவரப்படுத்த வேண்டும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அதெல்லாம் வெறும் பேச்சு. அவருக்குப் பயம். இத்தனை வருஷம் அடுத்தவர் வாயை அடைத்த அந்தச் சொல்லுக்குப் பின்னால் இன்று அவரே போய் ஒளிந்துகொண்டார்.

விடியற்காலையில் போனார். குழாயைத் திறந்த உடனேயே பாட்டிலை நீட்டினார்.

“இன்னைக்கு ஓடவிடலியா?” என்றாள் தங்கை.

“இல்ல.”

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. அண்ணன் செய்தால் காரணம் இருக்கும். அவர் நகர்ந்ததும் பிள்ளையின் பள்ளிப் பாட்டிலைக் குழாயடியில் வைத்து நிரப்பினாள். தேங்கிய தண்ணீர்தான் இன்னும் வந்துகொண்டிருந்தது. அவர் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் மூடியைத் திருகி, பாட்டிலைப் பையில் வைத்து, பையைப் பிள்ளையின் தோளில் மாட்டினாள். அவர் தன் பாட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.

தெருவுக்கு வந்து பத்தடி போயிருப்பார். பின்னால் படிகளில் தடதடவென்று செருப்புச் சத்தம். பிள்ளை வந்து வாசலில் பள்ளி வண்டிக்காக நின்றாள். நின்றவள் பையிலிருந்து பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்தாள்.

அவர் ஓடினார். அந்த வயதில், அந்தத் தொப்பையோடு அவர் ஓடியதைப் பார்த்திருந்தால் வேறொரு நாளில் யாரும் சிரித்திருப்பார்கள். பாட்டிலை அவள் கையிலிருந்து பிடுங்கி ஓரச் சாக்கடையில் கவிழ்த்தார். பிள்ளை மிரண்டுபோனாள். வாத்து போன மாதிரி இதுவும் போகிறது என்று நினைத்தாளோ என்னவோ, உதடு பிதுங்கியது.

“ஏன் மாமா கொட்டுறே? அம்மா சொன்னாங்க, நீதான் இது நல்ல தண்ணின்னு சொன்னியாமே.”

“சொன்னேன் கண்ணு.”

“இப்போ கெட்ட தண்ணியா? ப்ரூஃப் இருக்கா?”

“இல்ல,” என்றார். “ப்ரூஃப் இல்லடா. ஆனாலும் குடிக்காதே.”

அண்ணாந்து பார்த்தார். தங்கை மேலே ஜன்னலில் நின்றிருந்தாள், பிளாஸ்டிக் தாள் ஒட்டிய அதே ஜன்னலில். அவர் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி மாடியேறினார். பள்ளி வண்டி வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

சமையலறையிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னார். ஓடவிட்டதை, தேடாததை, டாக்டரம்மாவிடம் தலையசைத்ததை, நேற்றே தெரிந்தும் சும்மா என்று சொன்னதை, இப்போது பாட்டில் நிரம்பியதைப் பார்த்துக்கொண்டு நின்றதையும். கடைசியில் அவள் கேட்டாள்.

“அப்போ எனக்கு ருசி தெரிஞ்சதே, அது நிஜம்தானே?”

ஈயத்துக்கு அப்படி ருசி கிடையாது. அவள் நாக்கில் பட்டது அந்தக் கிழட்டுக் குழாயின் இரும்புத் துருவாக இருக்கும். அது அவருக்குத் தெரியும், சொல் நாக்கு நுனி வரை வந்தும்விட்டது. கடித்து விழுங்கினார்.

“நிஜம்தான்,” என்றார்.

அவள் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து காகிதத்தை எடுத்தாள். கிழிக்கவில்லை, கசக்கவில்லை. நான்காக மடித்து அவர் சட்டைப் பையில் வைத்தாள். அவள் ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ரசாயனப் பிரிவில் கொடுத்துச் சோதித்ததில், அவர் கொண்டுபோன பாட்டிலில் ஈயம் இருந்தது, அனுமதித்த அளவைவிடப் பல மடங்கு. வீட்டுக்காரர் முதலில் முரண்டு பிடித்தார், பிறகு குழாயை மாற்றினார். பிள்ளையின் ரத்தத்தில் ஈயம் மெல்லக் குறைந்தது. வயிற்று வலி போனது, முகத்தில் ரத்தம் ஏறியது. படிப்பு பழையபடி வருமா என்று தங்கை கேட்டதற்கு, “வரலாம். உறுதியாச் சொல்ல முடியாதும்மா,” என்றார் டாக்டரம்மா. அந்த ‘வரலாம்’ இன்றுவரை ப்ரூஃப் மாமாவைத் தூங்கவிடவில்லை. பிள்ளை கடைப் பலகை ஒன்றின் முன்னால் நின்று எழுத்துக் கூட்டும்போது அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார்.

தங்கை சண்டை போடவில்லை. போனால் உட்காரச் சொல்வாள், சாப்பிடச் சொல்வாள். ஆனால் கைப்பேசி அடங்கிவிட்டது. காந்தம் வரவில்லை, கரித்தூள் வரவில்லை, எந்தப் பக்கம் படுக்க வேண்டும் என்றும் வரவில்லை. தொல்லை விட்டது என்று ஒரு காலத்தில் கொண்டாடியிருப்பார். இப்போது வேலைக்கு நடுவே எடுத்து எடுத்துப் பார்ப்பார். ஏதாவது ஒரு கிறுக்குத்தனமான செய்தி வந்துவிடாதா என்று அந்தப் பெரிய மனிதர் ஏங்கிக் கிடந்தார்.

மாதங்கள் கழித்து ஒரு மதியம் அவளிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. பிள்ளைகளின் மூளைக்கு ஏதோ ஒரு விதை ரொம்ப நல்லதாம், இழந்த ஞாபக சக்தி திரும்ப வருமாம். வெள்ளைக் கோட்டு போட்ட இன்னொரு ஆள். கீழே அவள் ஒரு வரி எழுதியிருந்தாள்: ‘இது நிஜமா அண்ணா?’

எந்த ஆசையில் கேட்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. பழக்க தோஷத்தில் விரல் ‘பொய்’ என்று அடித்துவிட்டது. அனுப்பவில்லை. அழித்தார். வேறு எழுதினார்: ‘எனக்குத் தெரியல. பாத்துட்டுச் சொல்றேன்.’

பதில் உடனே வந்தது.

‘இந்தத் தடவை எதைப் பாப்பே?’