நிலா க்ரீமும் பாதிமுகத்தக்காவும்

பாதிமுகத்தக்காவிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், அவளுடைய ஓரகத்தியைப் பற்றி மட்டும் கேட்கக்கூடாது. கேட்டால் போன வேலையை மறந்துவிட்டு உட்கார வேண்டியதுதான். பஞ்சைத் தண்ணீரில் நனைத்து நம் முகத்தைத் துடைத்துக்கொண்டே ஆரம்பிப்பாள். துடைப்பு அழுத்தமாகும்போது கதை சூடாகிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

பட்டப்பெயரைக் கேட்டு அவள் முகத்தில் பாதியைக் காணோம் என்று நினைக்க வேண்டாம். முகம் முழுசாகத்தான் இருக்கிறது. பேர் அவளுடைய வேலை முறைக்கு வந்தது. யார் என்ன க்ரீம் கேட்டு வந்தாலும் முதலில் இடது பக்கத்தில் மட்டும்தான் போடச் சொல்வாள். வலது பக்கம் பழையபடியே கிடக்கும். ஜன்னலோரம் ஒரு ஸ்டூல் உண்டு. அதில் உட்காரவைத்து, வெயில் ஏறுமுன் ஒரு படம் எடுப்பாள். சில வாரம் கழித்து அதே ஸ்டூல், அதே வெளிச்சம், இன்னொரு படம். இரண்டு கன்னத்துக்கும் வித்தியாசம் தெரிந்தால்தான் மறுபாதிக்குப் போவாள். தெரியாவிட்டால் அந்த க்ரீம் குப்பைக்கூடைக்குப் போகும், அது எவ்வளவு பெரிய விளம்பரத்தில் வந்ததாக இருந்தாலும் சரி.

"பாதி மூஞ்சியோட நான் எப்படி வெளிய போறது?" என்று வாடிக்கைக்காரிகள் முணுமுணுப்பார்கள்.

"முழு மூஞ்சியும் கெட்டுப்போய் வெளிய போனவ நான். நீங்க தாராளமா போலாம்" என்பாள்.

அந்த முகத்தைக் கெடுத்த புண்ணியவதிதான் ஓரகத்தி. புருஷனுடைய அண்ணன் மனைவி. தெருவில் கண்ணாடிக் கதவு போட்டு பார்லர் வைத்திருந்தாள். கதவுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அதில் மூன்று விதமான ட்யூபுகளைப் பிதுக்கி, எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு, கரண்டியால் அடித்துக் கலப்பாள். ஒன்று தோல் அரிப்புக்கு வாங்குகிற களிம்பு, ஒன்று கறையை வெளுக்கவைக்கிற களிம்பு, மூன்றாவது வாசனைக்கு. குட்டி டப்பாக்களில் அடைத்து நிலா க்ரீம் என்று விற்றாள். அதனால் தெருவே அவளை நிலாக்கா என்று கூப்பிட்டது.

நம்மவள் அந்த வீட்டுக்கு வாழ வந்த புதிதில் பார்லரில்தான் புருவம் எடுக்கக் கற்றுக்கொண்டாள். நிலாக்கா பாசமாகத்தான் இருந்தாள். "நம்ம வீட்டுப் பொண்ணு, நம்ம கடைக்கு விளம்பரம் மாதிரி இருக்க வேணாமா?" என்று சொல்லித் தன் கையாலேயே க்ரீமைப் பூசிவிட்டாள். சீக்கிரத்திலேயே முகம் விளக்குப் போட்டது போல ஆனது. வாசலைப் பார்த்த நாற்காலியில் அவளை உட்காரவைத்தார்கள். உள்ளே வந்தவர்களெல்லாம் அவளைப் பார்த்துவிட்டு ஆளுக்கொரு டப்பா வாங்கிப் போனார்கள்.

பிறகு அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பிறந்த வீட்டுக்குப் போனாள். போன இடத்தில் டப்பா தீர்ந்தது. முகம் பற்றிக்கொண்டது. கன்னம் இரண்டும் சிவந்து, வாயைச் சுற்றிப் பொரிப்பொரியாகக் கிளம்பி, அடுப்புப் பக்கம் போனால் எரிச்சலில் கண்ணீர் வந்தது. அப்படியே திரும்பி வந்து நிலாக்கா முன்னால் நின்றாள்.

நிலாக்கா ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். "இந்த க்ரீமை எத்தனை பேர் போடுறாங்க. ஒருத்திக்காவது ஒண்ணு ஆயிருக்கா? உன் தோல் அப்படி. பொறந்த வீட்லேந்தே கொண்டுவந்தது." அப்புறம் குரலைத் தணித்து, "கஸ்டமருங்க பாத்தா பயந்துடுவாங்க. நாளைலேந்து பின்வாசல் வழியா வா" என்றாள்.

பின்வாசல் சாக்கடைச் சந்தில் இருந்தது. முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு அதன் வழியாகப் போய், கொல்லையில் உட்கார்ந்து துண்டு துவைத்தாள். முன்பக்க நாற்காலியில் வேறொரு பெண் வந்து உட்கார்ந்தாள். துவைக்கிற சோப்புத் தண்ணீர் தெறித்தால்கூட முகம் எரிந்தது. ஆனால் அவளைச் சுட்டது அதுவல்ல. 'உன் தோல் அப்படி' என்ற அந்த ஒரு பேச்சுதான் சுட்டது.

தோல் டாக்டர் அம்மா அவள் முகத்தைப் பார்த்ததும் கேட்டது ஒரே கேள்வி: "என்ன பூசினே?" கிண்ணத்தில் கலந்த அரிப்பு ட்யூபின் பெயரைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "இது ஸ்டீராய்டும்மா. எங்களைக் கேக்காம முகத்துல போடவே கூடாது. போடுற வரைக்கும் பளபளன்னு இருக்கும், நிறுத்தினா இப்படித்தான் எரியும். உன் தோல்ல ஒரு குறையும் இல்ல."

இதை வீட்டில் வந்து சொன்னாள். நிலாக்கா சிரித்தாள். மாமியார் டிவி சத்தத்தைக் கூட்டினாள். லிஃப்ட் மெக்கானிக்கான புருஷன், "அண்ணி வேணும்னேவா செய்வாங்க?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். அன்றைக்குத்தான் அவளுக்குள் ஒன்று இறுகியது. என் க்ரீம்தான் உன் மூஞ்சியைக் கெடுத்தது என்று அந்த வாயே சொல்ல வேண்டும். அதுவும் நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். சொல்லும்வரை விடுவதில்லை என்று அவள் முடிவு செய்தாள்.

முகம் ஆற மாதக்கணக்கானது. ஆறியதும் பார்லரை விட்டு நின்று, எதிர்ச்சாரியில் மாடியறை ஒன்றை வாடகைக்குப் பிடித்தாள். குறுகலான ஒரே படிக்கட்டு, நேராகத் தெருவில் இறங்கும். படியில் நின்றால் நிலாக்காவின் கண்ணாடிக் கதவு மூக்குக்கு நேரே. இதைவிட நல்ல அறைகள் வாடகை குறைவாகவே கிடைத்தன. அவள்தான் இதையே பிடித்தேன் பிடி என்று பிடித்தாள்.

சும்மா சொல்லக்கூடாது, வஞ்சத்துக்காக அவள் படித்ததைப் போலப் பரீட்சைக்குப் படித்தவர்கள்கூடப் படித்திருக்க மாட்டார்கள். எந்த க்ரீமையும் கையில் எடுத்தவுடன் பின்னால் திருப்பி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பாள். பிறகு ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி. யார் முகத்தில் போட்டுப் பார்த்தார்கள்? எதோடு ஒப்பிட்டார்கள்? பார்த்தவனுக்கும் விற்கிறவனுக்கும் என்ன உறவு? இந்த மூன்றுக்கும் பதில் தேடி ஆராய்ச்சிக் கட்டுரைகளை போனில் திறந்துவைத்துக்கொண்டு முட்டி மோதுவாள். புரியாததை டாக்டர் அம்மாவிடம் போய்க் கேட்பாள். பாதிப் பக்கம் போட்டு மறுபாதியோடு ஒப்பிடுகிற முறையும் அங்கிருந்து எடுத்ததுதான்.

அதனால் அவள் அலமாரி பாவம் போல இருக்கும். வெயிலுக்கு சன்ஸ்க்ரீன், வறட்சிக்கு வாசனையில்லாத க்ரீம், பருவுக்கும் கரும்புள்ளிக்கும் அசெலிக் ஆசிட், நியாசினமைடு, வெறும் வாசலின். தங்கத் துகள் ஃபேஷியல் கேட்டு வந்தால், "தங்கத்தைக் காதுல போடுங்க, கழுத்துல போடுங்க. மூஞ்சில போட்டா கழுவுற தண்ணியோட போயிடும்" என்பாள். எலுமிச்சம்பழம் இயற்கைதானே என்பவர்களிடம், "நெருப்பும் இயற்கைதாங்க" என்பாள். அவள் கை மீறிய முகங்களை டாக்டர் அம்மாவிடம் அனுப்பிவிடுவாள்.

மெல்ல மெல்ல எதிர்க்கடை முகங்கள் சில படியேறி வந்தன. நிலாக்காவுக்கு வயிறு எரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்த எரிச்சல் வெளியே வந்தது.

"பாதி பாதியா பூசுறதுக்கு ஒரு கடை. அதுக்கு ஒரு படிப்பு. இவ தோலையே இவளால காப்பாத்த முடியல."

நம்மவள் சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். "அப்போ உங்க மூஞ்சியிலயே பாத்துடலாம்க்கா. ஒரு பாதி உங்க நிலா க்ரீம், ஒரு பாதி நான் குடுக்கிறது. எது நல்லா இருக்குன்னு இங்க இருக்கறவங்களே சொல்லட்டும்."

"என் மூஞ்சிக்கு என்ன குறைச்சல்? தாராளமா பாரு" என்றாள் நிலாக்கா. நிலாக்காவின் புருஷன் கைதட்டினார். பிள்ளைகள் அப்போதே பந்தயம் கட்டின.

நிலாக்காவை ஏமாற்றுக்காரி என்று மட்டும் சொல்லிவிட முடியாது. தன் சரக்கை அவள் மனசார நம்பினாள். வருஷக்கணக்காக ஒரு ராத்திரி விடாமல் பூசினாள். கல்யாணத்துக்குப் போனாலும் ஆஸ்பத்திரியில் துணைக்குப் படுத்தாலும் டப்பா கைப்பையில் கூடவே போகும். விடவே விடாததால், விட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரிய வழியில்லாமல் போயிற்று. நம்மவளுக்குத் தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. டாக்டர் அம்மா காதில் விழுந்திருந்தால் செருப்பால் அடித்திருப்பார். விழவில்லை, அவ்வளவுதான். ஒரு சின்ன டப்பாவில் நிரப்பிக் கொடுத்துவிட்டு, "இடது பக்கம் இது மட்டும்தான்க்கா. உங்களுது ஒரு பொட்டுகூடப் படக்கூடாது" என்றாள்.

ஒரு வாரம் ஒன்றுமில்லை. அடுத்த வாரம் இடது கன்னம் சிவந்தது. அப்புறம் வாயோரம் பொரிந்தது. வலது பாதி மட்டும் எப்போதும் போல மினுமினுத்தது. தெரு முழுக்கப் பேச்சாகிவிட்டது. பாதிமுகத்தக்கா தோற்றுப்போய்விட்டாள், ஓரகத்தி முகத்தைப் பொசுக்கிவிட்டாள் என்றார்கள். புருஷன் ராத்திரி சாப்பிடாமல், "என்னத்தடி போட்டுத் தொலைச்சே?" என்று கத்தினான். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். அவள் பாடி அவன் கேட்டதே இல்லை.

மறுநாள் பட்டப்பகலில் நிலாக்கா அந்தப் படிக்கட்டில் ஏறி வந்தாள். உள்ளே நாலைந்து பெண்கள் காத்திருந்தார்கள். பின்னாலேயே மாமியாரும் மூச்சு வாங்க வந்தாள்.

"பழி தீத்துட்ட இல்ல? என் மூஞ்சில ஆசிட்டத் தடவிட்ட இல்ல?"

நம்மவள் மேஜை மேலிருந்த பெரிய டப்பாவைத் திறந்து, ஒரு விரலளவு எடுத்து, எல்லோரும் பார்க்கத் தன் முகம் முழுக்கப் பூசிக்கொண்டாள். "வாசலின்க்கா. வெறும் வாசலின். உதடு வெடிச்சா குழந்தைங்களுக்குப் போடுறது. உங்க இடது பக்கத்துல நான் எதையும் தடவல. உங்க க்ரீமை நிறுத்த வெச்சேன், அவ்வளவுதான்."

பிறகு போனில் ஒரு படத்தைப் பெரிதாக்கி நீட்டினாள். அவளுடைய பழைய முகம். பிறந்த வீட்டிலிருந்து திரும்பி வந்த நாளில் எடுத்தது. கன்னத்தில் அதே சிவப்பு, வாயைச் சுற்றி அதே பொரி. நிலாக்கா படத்தைப் பார்த்தாள், சுவர்க் கண்ணாடியைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள்.

"சொல்லுங்கக்கா. உங்க தோலும் அப்படித்தானா? பொறந்த வீட்லேந்து கொண்டுவந்ததா?"

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நிலாக்கா ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"எவ்வளவு நாள் எரியும்?" என்று மெல்லக் கேட்டாள்.

"முதல்ல நீங்க சொல்ல வேண்டியதைச் சொல்லுங்க."

"என் க்ரீம்தான்." நிலாக்கா தரையைப் பார்த்துச் சொன்னாள். "உன் மூஞ்சியக் கெடுத்தது என் க்ரீம்தான். போதுமா?"

போதவில்லை. இத்தனை வருஷம் காத்திருந்தவளுக்கு ஒரு வாக்கியம் எப்படிப் போதும்? ஆனால் இனித்தது. இனிக்கவில்லை என்று அவளே சொன்னாலும் நம்பாதீர்கள்.

"மாசக்கணக்கா எரியும்க்கா. டாக்டரம்மாகிட்ட நானே கூட்டிட்டுப் போறேன். வலது பக்கத்தையும் நிறுத்தணும், அவங்க சொல்றபடி. டப்பா வாங்கின ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டு, இந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டே நீங்கதான் விஷயத்தைச் சொல்லணும். அவங்களும் டாக்டரைப் பாக்காம நிறுத்தக்கூடாது."

நிலாக்கா தலையாட்டினாள். எழுந்து கதவு வரை போனவள் கீழே எட்டிப் பார்த்தாள். தெருவில் மத்தியானக் கூட்டம். அவளுடைய கண்ணாடிக் கதவுக்கு வெளியே வாடிக்கைக்காரிகள் இரண்டு பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் முந்தானையை இழுத்து இடது கன்னத்தை மூடிக்கொண்டு திரும்பினாள்.

"வேற வழி இருக்கா? பின்பக்கமா இறங்குறதுக்கு?"

நம்மவள் அடுத்த வாடிக்கைக்காரியின் முகத்தைத் துடைக்கப் பஞ்சை நனைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இங்க பின்வாசல் கிடையாதுக்கா. பாத்துத்தான் வாடகைக்குப் பிடிச்சேன்."