தம்மாம் வரை வந்த குளிர்

அறையில் நாங்கள் நான்கு பேர். மூன்று பேர் வானிலை பார்ப்பவர்கள். நான் நைட் டூட்டி.

தொண்ணூறுகளின் நடுவில் ஷார்ஜா தொழில்பேட்டையில் இருந்தோம். கீழே டயர் கடை. மேலே தகரக் கூரை போட்ட இரண்டு அறைகள். ஒன்றில் நாங்கள், இன்னொன்றில் லாரி ஓட்டும் பட்டாணியர்கள். நான் பிளாஸ்டிக் பை செய்யும் கம்பெனியில் மிஷின் ஓட்டினேன். இரவு மிஷின், பகல் தூக்கம். பகலில் தகரத்துக்கு அடியில் தூங்க ஏசி வேண்டும். சுவரில் ஓட்டை போட்டு மாட்டிய ஏசி ஒன்று இருந்தது. நால்வரும் சேர்ந்து வாங்கியது.

மிஷினில் உருளை சுற்றும். தூக்கம் வந்தால் கை உள்ளே போகும். எனக்கு முன்னால் அதை ஓட்டியவனுக்கு வலது கையில் பாதி விரல்தான் மிச்சம். அதனால் அந்த ஏசியை நான் நன்றாகப் பார்த்துக்கொண்டேன். ஃபில்டரை வாரா வாரம் கழுவினேன். மற்ற மூவரும் அதைக் கவனித்ததில்லை. அவர்கள் வானத்தைக் கவனித்தார்கள்.

ஒருவர் மளிகைக் கடையில் நிற்கும் காக்கா. ராமநாதபுரம் கடற்கரைக்காரர், வயதில் மூத்தவர். அந்தப் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள். இரண்டாவது ஆள் கன்னியாகுமரி பக்கத்து மீனவர். இங்கே வெல்டிங் செய்தார். எல்லாரையும் மக்கா என்று கூப்பிடுவதால் அவர் பெயரும் மக்கா ஆகிவிட்டது. மூன்றாவது ஒரு டைப்பிஸ்ட். ஆபீசில் மிச்சமான இங்கிலீஷ் பேப்பரை மடித்துக்கொண்டு வருவார்.

செப்டம்பர் பிறந்தால் மூவருக்கும் வேலை கூடிவிடும். ஸுஹைல் நட்சத்திரம் தெரிந்துவிட்டது, இனி சூடு இல்லை என்று ஒரு அரபி கிழவர் காக்காவிடம் கடையில் சொல்லியிருப்பார். சொன்னவர் ஏசி காரில் ஏறிப் போயிருப்பார். அன்று முதல் எங்கள் அறையில் குளிர்காலம். சட்டையைப் பிழிந்தால் வேர்வை சொட்டும். ஆனாலும் குளிர்காலம்.

டைப்பிஸ்ட் பேப்பரின் மூலையைப் படிப்பார். மக்கா மாடிப்படியில் நின்று மூக்கைத் தூக்கிக் காற்றை மோந்து பார்ப்பார். ஆனால் கடைசி வார்த்தை காக்காவுடையது, ஏனென்றால் டிவி அவருடையது. மக்கா இரும்புக் குழாயை வெல்டு வைத்து நீளமான ஆன்டெனா செய்து கூரையில் நட்டிருந்தார். அந்தக் குழாய் உயரத்துக்குத் தம்மாம் டிவி கிடைத்தது. சவூதியில் இருக்கிற தம்மாம், அவ்வளவு தூரத்திலிருந்து, கண்ணாடி போல. பக்கத்தில் இருக்கிற துபாய்கூட அப்படி வராது.

தம்மாம் டிவியில் மாலையில் ஒருவர் வரைபடத்துக்கு முன்னால் நிற்பார். அவர் பேசும் அரபி யாருக்கும் புரியாது. எண் மட்டும் புரியும். அது போதும் என்றார் காக்கா.

குளிர் பற்றி அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. குளிர் வடக்கிலிருந்து கடற்கரையோரமாக வரும். முதலில் குவைத், பிறகு தம்மாம், பஹ்ரைன், கத்தார், அப்புறம் நாங்கள். பஸ் மாதிரி.

ஒருநாள் நான் டூட்டிக்குக் கிளம்பும்போது மூவரும் டிவி முன்னால் இருந்தார்கள். தம்மாமின் எண் இறங்கியிருந்தது.

“எறங்கி ஈக்கிது, பாத்தியளா?” என்றார் காக்கா. “தம்மாமுக்கு வந்துட்டா இங்க வர எம்புட்டு நேரம்?”

“காத்துலயும் ஒரு வாட தெரியுது மக்கா,” என்றார் மக்கா.

“அது டயர் கடை நாத்தம்,” என்றேன்.

“பேப்பர்லயும் மாற்றம் வரலாம்னு போட்டிருக்கான்,” என்றார் டைப்பிஸ்ட்.

வரலாம் என்றுதான் தினமும் போடுவான். பஸ் ஹாரன் கேட்டது. போய்விட்டேன்.

காலையில் திரும்பி வந்தேன். ஏசி இல்லை. அது இருந்த ஓட்டையில் பிஸ்கட் அட்டைப்பெட்டியைக் கிழித்துச் செருகியிருந்தார்கள். கீழே தரையில் இரண்டு கம்பி வைத்த ஹீட்டர் ஒன்று இருந்தது.

“ஏசி எங்கே?”

மூவரும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். காக்காதான் பதில் சொன்னார்.

“பட்டாணி ரூமுக்குக் குடுத்துட்டோம் தம்பி. அவனுவ ஏசி கெட்டுப் போச்சு. நமக்கு ஹீட்டர் தந்தானுவ. போன வருஷம் கடையில ஹீட்டர் தீந்து போயி நாம நடுங்குனது ஞாபகம் ஈக்கிதா?”

“எப்போ குளிரும்?”

“வெள்ளிக்கெழம.”

“இன்னைக்கு என்ன கிழமை?”

“சனி,” என்றார் டைப்பிஸ்ட். படித்தவர், பொய் சொல்லத் தெரியாது.

மூவரும் டூட்டிக்குப் போய்விட்டார்கள். அவர்கள் வேலை பார்க்கும் இடத்தில் எல்லாம் ஏசி உண்டு. மக்காவின் ஒர்க்‌ஷாப்பில் இல்லை. ஆனால் அங்கே அவர் தூங்க வேண்டியதில்லை.

நான் படுத்தேன். தகரம் டக் டக் என்று விரிந்தது. லுங்கியை நனைத்துப் போர்த்தலாம் என்று குழாயைத் திறந்தேன். கூரைத் தொட்டியிலிருந்து டீ போடும் சூட்டில் தண்ணீர் வந்தது. வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தேன். பட்டாணியர்கள் அறையைப் பூட்டிவிட்டு லாரிக்குப் போயிருந்தார்கள். மாலையில் வரும்போது அறை குளிர்ந்திருக்க வேண்டும் என்று ஏசியை நிறுத்தாமல் போயிருந்தார்கள். ஆள் இல்லாத அறையில் எங்கள் ஏசி நன்றாக ஓடியது. அதன் தண்ணீர் படியில் சொட்டியது. அந்தச் சொட்டுக்கு அடியில் தலையை வைத்துக்கொண்டேன். ஃபில்டர் கழுவி வைத்தது வீண் போகவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. குளிர் வரவில்லை. புழுக்கம் கூடியது. தம்மாம் படம் முன்னைவிடத் தெளிவாக வந்தது. வானிலைக்காரரின் மீசையில் நரை முடிகூடத் தெரிந்தது.

“பஹ்ரைனுல எறங்கிருச்சு போல,” என்றார் காக்கா.

“என்னது?”

“குளுருதான்.”

நான் பட்டாணியர்களின் மூத்தவரிடம் போனேன். தாடிக்கு மருதாணி போட்ட பெரிய ஆள். எனக்குத் தெரிந்த இந்தியில் ஏசியைத் திருப்பிக் கேட்டேன். அவர் டீ கொடுத்தார்.

“குளிர் வரட்டும் பாய். அப்புறம் மாத்திக்கலாம்.”

“குளிர் வந்தால் எனக்கு ஏசி எதற்கு?”

“அதுவும் சரிதான்,” என்றார். இன்னொரு டீ கொடுத்தார்.

அடுத்த வாரம் மிஷினில் நின்றுகொண்டே கண் மூடிவிட்டேன். கை தானாக முன்னால் போனது. பக்கத்து மிஷின் பெங்காலி காலால் சுவிட்சை எத்தினான். உருளை நின்றது. கையுறையின் நுனி மட்டும் உள்ளே மாட்டியிருந்தது. சூப்பர்வைசர் வந்து பார்த்தார். இன்னொரு தடவை தூங்கினால் கேன்சல் என்றார். விசாவை ரத்து செய்து ஊருக்கு அனுப்புவதற்கு அந்த ஒரு சொல் போதும்.

அறைக்கு வந்து கிழிந்த கையுறையைக் காட்டினேன். மூவரும் பார்த்தார்கள். டைப்பிஸ்ட் பேப்பரைக் கீழே வைத்துவிட்டார். அது பெரிய விஷயம். காக்கா எழுந்து கடைக்குப் போய் ஒரு டேபிள் ஃபேன் வாங்கி வந்து என் தலைமாட்டில் வைத்தார்.

“ரெண்டு நாளு பொறுத்துக்க தம்பி. கத்தாருல நல்லா கொறஞ்சி ஈக்கிது.”

ஃபேன் சூட்டை எடுத்து என் மேல் ஊதியது. அது இல்லாதபோது சூடு சும்மா இருந்தது.

அப்படியே அக்டோபர் போனது. நவம்பரும் கொஞ்சம் போனது. தூங்கும் இடத்தை மாற்றி மாற்றிப் பார்த்தேன். டயர் அடுக்குக்கு நடுவில், பள்ளிவாசல் தாழ்வாரத்தில், நின்ற லாரிக்கு அடியில். லாரி கிளம்பும்வரை நல்ல நிழல். மூவரும் மாலையில் தவறாமல் தம்மாமைப் பார்த்தார்கள். படம் தவறாமல் தெளிவாக வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸை விட்டு இறங்கினேன். வடக்கிலிருந்து காற்று அடித்தது. மணலும் தூசியும் கலந்த காய்ந்த காற்று. கை மயிர் நட்டுக்கொண்டது. ஓடி மாடி ஏறினேன்.

மக்கா லுங்கியோடு கூரைமேல் நின்று ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டிருந்தார். அவருக்குப் பல் அடித்துக்கொண்டது. உள்ளே காக்காவும் டைப்பிஸ்டும் கம்பளிக்குள் இருந்தார்கள். ஓட்டையில் செருகிய அட்டை காற்றில் பிய்ந்து என் கட்டிலில் கிடந்தது. டிவியில் கோடுகள்தான்.

“இப்போ வருதா?” என்று மேலேயிருந்து மக்கா கத்தினார்.

“வரல,” என்றார் காக்கா.

“குளிர் வந்துவிட்டதே,” என்றேன்.

“அதத்தான் தம்பி பாத்துக்கிட்டு ஈக்கிறோம். தம்மாம் தெரிஞ்சாத்தானே சொல்ல முடியும்?”

“பேப்பரும் இன்னைக்கு வரல,” என்றார் டைப்பிஸ்ட். மூக்கு ஒழுகியது.

நான் ஹீட்டரைச் செருகினேன். கம்பி சிவந்தது. டப் என்று ஃப்யூஸ் போனது. கீழே டயர் கடையிலும் விளக்கு போனது. கடைக்காரன் படிக்கட்டில் நின்று ஹீட்டர் மாஃபி, ஹீட்டர் மாஃபி என்று சத்தம் போட்டான். இங்கே ஹீட்டர் கூடாது என்று அர்த்தம். முதலில் அவனிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

அப்போது கதவை முட்டித் தள்ளிக்கொண்டு மருதாணித் தாடிக்காரர் உள்ளே வந்தார். தோளில் எங்கள் ஏசி.

“ஹீட்டரைக் குடு பாய். இதை எடுத்துக்கோ. எங்க ரூம் டிவியிலும் தம்மாம் போயிடுச்சு. படம் போனால் குளிர் வந்தாச்சு.”

மக்கா கூரையிலிருந்து இறங்கி வந்திருந்தார். காக்கா கம்பளியை விலக்கினார்.

“அப்போ படம் நல்லாத் தெரிஞ்சா, பாய்?”

“புழுக்கம். தூரத்துப் படம் எல்லாம் புழுக்கத்தில்தான் வரும். வருஷா வருஷம் பார்க்கிறோமே.”

காக்கா அணைந்து கிடந்த டிவியைத் திரும்பிப் பார்த்தார்.

“இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?”

“நீங்க கேக்கலையே. ஹீட்டர்தான் கேட்டீங்க.”

ஏசி வேண்டாம், ஹீட்டரே இருக்கட்டும் என்று சொல்லலாமா என்று மூவரும் தமிழில் பேச ஆரம்பித்தார்கள். இது ஒருநாள் காற்றாக இருக்கலாம் என்றார் டைப்பிஸ்ட். நான் ஏசியின் மறுபக்கத்தைப் பிடித்தேன். நானும் தாடிக்காரரும் அதைத் தூக்கி ஓட்டையில் வைத்தோம். காற்று நின்றது. ஹீட்டரை அவர் கையில் கொடுத்தேன். அது அவர் அறையில் ஃப்யூஸை எரிக்கட்டும்.

ஏசியை நான் ஓடவிடவில்லை. அன்று அது குளிரை உள்ளே விடாமல் இருக்கத்தான். கம்பளியைப் போர்த்திப் படுத்தேன். மதியத் தொழுகைக்குக் கூப்பிட்டதும் தெரியாது. மாலையில் காக்கா உலுக்கி எழுப்பினார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார். விரல்களை மடக்கி விரித்துப் பார்த்துக்கொண்டேன். எல்லாம் இருந்தன.

மறுநாள் வரும் வழியில் சங்கிலியும் பூட்டும் வாங்கினேன். ஏசியைச் சுற்றிக் கட்டி ஜன்னல் கம்பியோடு சேர்த்துப் பூட்டினேன். சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டேன். டிவியில் இன்னும் கோடுதான். காக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பினார்.

“பூட்டு எதுக்கு தம்பி? திருடனா வாரான்?”

“இல்லை. அடுத்த செப்டம்பர் வரும்,” என்றேன்.