அரை இஞ்சு குறைந்த பாக்கெட்

கட்டிங் மாஸ்டர் பத்தொன்பது வருஷமாக ஒரே சட்டைக் கம்பெனியில் துணி வெட்டுகிறார். இந்த வருஷம் கம்பெனி அவரை வெட்டியது. சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. கூடவே ஓர் உத்தரவும் வந்தது: துணியை மிச்சப்படுத்த, இனிமேல் சட்டைப் பாக்கெட்டை அரை இஞ்சு குறைத்து வெட்ட வேண்டும். பாக்கெட்டில் போட யாரிடம் என்ன இருக்கிறது என்று முதலாளி நினைத்திருக்கலாம். அப்படி வெட்டிய முதல் சட்டைகளை போனஸுக்குப் பதிலாகத் தொழிலாளிகளுக்கே கொடுத்துவிட்டார்கள்.

இந்த அடியை மாஸ்டர் ஒரு மகானைப் போலத் தாங்கிக்கொண்டார். காரணம், அதே கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கும் அவருடைய சகலைக்கும் அதே வெட்டு விழுந்திருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சகலை ஒரு சோபா வாங்கினார். அன்றிலிருந்து மாஸ்டருக்குச் சரியான தூக்கமில்லை. இப்போது நன்றாகத் தூங்கினார்.

அந்தத் தூக்கம் அடுத்த கரண்ட் பில் வரும்வரைதான் நீடித்தது. அடுத்த தெருவிலிருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்வந்த மனைவி செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

“என்னங்க, அவங்க வீட்ல கரண்ட் பில் பாதியாக் குறைஞ்சிடுச்சாம். பொறுப்புன்னா அவரைப் பார்த்துக் கத்துக்கணும். வேலைக்குக்கூட பஸ்லதான் போறார். நம்ம ஸ்கூட்டரை வித்துடலாம்.”

மாஸ்டருக்கு வயிறு எரிந்தது. இத்தனை நாள் சகலை வாங்கியதைப் பார்த்துப் பொறாமைப்பட்டுப் பழகியவர், இனி வாங்காததையும் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும். இந்த வயதில் புதிதாக ஒரு தொழில் கற்பது லேசல்ல. அதைவிட, ஸ்கூட்டர் கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. அதை அவர் தினமும் துடைப்பார். தன் முகத்தை அவ்வளவு அக்கறையாகத் துடைத்ததில்லை.

“ஒரு மாசம் செலவை என் கையில விடு. அவங்க பில்லைவிட நம்ம பில் ஒரு யூனிட் கூடினாலும் ஸ்கூட்டரை வித்துக்கோ” என்றார்.

மறுநாள் முதல் ஃப்ரிட்ஜ் ஓய்வு பெற்றது. மின்விசிறி பார்வைக்கு மட்டும். ஹாலில் விளக்கு கிடையாது.

“அப்பா, புக்ல எழுத்தே தெரியலை” என்றாள் மகள்.

“தெரிஞ்ச எழுத்தை வெச்சுப் படி.”

ஆனால் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குச் சகலை குடும்பம் நாலு பேராக வந்துவிடும். “சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தோம் சகலை.” அந்த மனுஷன் எதிரில் கஞ்சத்தனம் தெரிவதா? மாஸ்டர் ஓடிப்போய் எல்லா ஸ்விட்சையும் தட்டுவார். விளக்கு, மின்விசிறி, டிவி மூன்றும் கல்யாண மண்டபம் மாதிரி ஜொலிக்கும். சகலை ஆசுவாசமாக ஃபோனைச் சார்ஜில் போடுவார். கொழுந்தியாள் ஒரு மூட்டைத் துணியோடு வருவாள்.

“மாமா, எங்க அயர்ன் பாக்ஸ் ரிப்பேர். உங்க பாக்ஸ்ல ரெண்டு தேய் தேய்ச்சுக்கட்டுமா?”

“தாராளமா தேய்ச்சுக்கோம்மா!” என்பார் மாஸ்டர், சகலையைக் கடைக்கண்ணால் பார்த்தபடி.

மாதக் கடைசியில் பில் வந்தது. முந்தைய மாதத்தைவிட அதிகம். சகலை வீட்டில் இன்னும் குறைந்திருந்தது. மனைவி ஸ்கூட்டர் சாவியைக் கேட்டுக் கையை நீட்டினாள். அப்போது மகள் சுவரைக் காட்டினாள்.

“அம்மா, சித்தப்பா சார்ஜரை இங்கேயே மாட்டிட்டுப் போயிட்டார்.”

மூன்று பேரும் அந்தச் சார்ஜரைப் பார்த்தார்கள். மனைவிக்குக் கோபம் வந்தது, தங்கையின் மேல். மாஸ்டருக்குக் கோபம் வரவில்லை. இவ்வளவு நல்ல யோசனை தனக்கு ஏன் முதலில் வரவில்லை என்ற வயிற்றெரிச்சல்தான் வந்தது.

மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கே ஸ்கூட்டர் புறப்பட்டது. மகள் முன்னால் நின்றாள். மனைவி பின்னால், மடியில் துணி மூட்டையோடு.

சகலை மெழுகுவத்தியும் கையுமாகக் கதவைத் திறந்தார்.

“வாங்க சகலை! ஐயோ, இப்பப் பார்த்து ஃப்யூஸ் போயிடுச்சே!”

மாஸ்டரின் கண் தொழில் புத்தியோடு சகலையின் சட்டைக்குப் போயிற்று. போனஸ் சட்டை. தன் கையால் வெட்டிய பாக்கெட். அதன் விளிம்புக்கு மேலே சரியாக அரை இஞ்சு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது, வெள்ளைப் பீங்கான் ஃப்யூஸ் கட்டை.

“பழைய பாக்கெட்டா இருந்தா தெரிஞ்சிருக்காது சகலை” என்று இரண்டு விரலால் அதை உருவிக் கொண்டுபோய் மீட்டர் பெட்டியில் செருகினார் மாஸ்டர். வீடு முழுக்க விளக்கு எரிந்தது. ரிப்பேரான அயர்ன் பாக்ஸும் தானாகவே குணமாகிச் சூடேறியது. மூட்டையை அவிழ்த்த மனைவி, இறங்கியதும் தான் வாங்கி வைத்திருந்த ஸ்கூட்டர் சாவியைக் கணவர் மேல் தூக்கிப் போட்டாள்.

“நீங்களே வெச்சுக்கோங்க. நாளைக்கும் வரணும்ல?”

மாஸ்டர் முதல்முறையாக அந்தச் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தார். உடம்பு மெத்தென்று உள்ளே போயிற்று. இரண்டு வருஷம் பொறாமைப்பட்டது வீண்போகவில்லை.